பள்ளியின் நினைவுப் பலகை: துடைக்கும் முன் பதிவேட்டைத் திறங்கள்

பள்ளி மண்டபத்துச் சுவரில் ஓக் மரப் பலகை ஒன்று இருக்கும். மேலே பள்ளியின் முத்திரை, அதன் கீழே 1914–1918 என்ற ஆண்டுகள், பிறகு இரண்டு மூன்று பத்திகளில் பெயர்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் நூறாண்டு கடந்த எந்தப் பள்ளிக்குள் போனாலும் அநேகமாக இப்படி ஒன்றைப் பார்க்கலாம். தினமும் அதன் கீழே நடந்துபோகிற பிள்ளைகளுக்கு அது சுவரோடு சுவர். நூற்றாண்டு விழா, புதுக் கட்டடம், பெயிண்ட் வேலை என்று ஏதாவது வரும்போதுதான் ‘இதையும் கொஞ்சம் புதுப்பிக்கலாமே’ என்று யாருக்காவது தோன்றும். அப்படித் தோன்றியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன் பெயர்களைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயரும் எந்தப் பையன் என்று கண்டுபிடிக்கும்வரை பலகையில் கை வைக்கக் கூடாது.

பள்ளிகளில் இத்தனை பலகைகள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போர்க்களத்தில் புதைத்த உடல்களைத் தோண்டியெடுத்து ஊருக்குக் கொண்டுவருவதை பிரிட்டிஷ் இராணுவம் 1915-இல் தடை செய்தது. வசதியுள்ள குடும்பம் மகனைக் கொண்டுவந்துவிடும், ஏழைக் குடும்பத்தால் முடியாது, அந்த வேறுபாடு கூடாது என்பது அதற்குச் சொன்ன முக்கியமான நியாயம். 1917 மே மாதம் அரச சாசனத்தால் அமைந்த போர்க் கல்லறை ஆணையம், இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், அதையே தன் கொள்கையாக்கிக்கொண்டது. பிள்ளையை இழந்த வீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க ஒரு கல் இல்லாமல் போனது. பலருக்குக் கடல் தாண்டியும் கல்லறை இல்லை. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலுள்ள மெனின் வாயிலில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், பிரான்சின் தியெப்வாலில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் என்று எங்கோ ஒரு சுவரில் ஒரு வரி, அவ்வளவுதான். அதனால் அவன் தொழுத தேவாலயமும் வேலை பார்த்த அலுவலகமும் படித்த பள்ளியும் அந்தக் கல்லுக்குப் பதிலாக நின்றன. பிரிட்டனின் பெரிய தனியார் பள்ளிகளிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் இளநிலை அதிகாரிகள், பதுங்குகுழியிலிருந்து முதலில் ஏறவேண்டியவர்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் திரும்பவில்லை. ஈட்டன் பள்ளி மட்டும் 1,157 பேரை இழந்தது.

ஊர் நினைவுச்சின்னத்துக்கு இல்லாத ஒரு பலம் பள்ளிப் பலகைக்கு உண்டு. ஊர்ச் சின்னத்துக்குப் பெயர் சேர்த்தவர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள், செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்தார்கள். யார் சொன்னார்களோ அவர்கள் வீட்டுப் பெயர் ஏறியது. பள்ளியிடம் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. சேர்க்கை எண், சேர்ந்த நாள், பிறந்த நாள், தகப்பன் அல்லது காப்பாளர் பெயர், வீட்டு முகவரி, இதற்கு முன் படித்த பள்ளி, விலகிய நாள், சில பதிவேடுகளில் விலகிய காரணம். போரில் இறந்தவர்களின் பதிவோடு ஒப்பிட இதைவிட நல்ல சாட்சி வேறெங்கும் கிடைக்காது. அந்தப் பதிவேடு அலமாரியில் தூசி படிந்து கிடக்க, பலகையில் உள்ள இரண்டு முன்னெழுத்தையும் ஒரு குடும்பப் பெயரையும் மட்டும் வைத்து இணையத்தில் தேடி, முதலில் வந்த ஆளை ‘இவர்தான்’ என்று விழா மலரில் அச்சடித்துவிடுகிறார்கள். இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் பல இதிலிருந்தே வருகின்றன.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கையிலிருப்பது எந்த வகைப் பட்டியல் என்பது. இறந்தவர்கள் மட்டுமா, போருக்குப் போன எல்லோருமா? போன எல்லோரையும் எழுதிய பலகையில் இறந்தவர்களுக்குப் பக்கத்தில் சின்னச் சிலுவையோ நட்சத்திரமோ இருக்கும். நூறு வருஷ வார்னிஷ் கறுத்துப்போனால் அந்தக் குறிதான் முதலில் கண்ணிலிருந்து மறையும். அது தெரியாமல், பலகையிலுள்ள அத்தனை பேரையும் மாண்டவர்களாக எண்ணி அஞ்சலி செலுத்திய பள்ளிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் போன எல்லோரையும் எழுதும் வழக்கம் அதிகம். அங்கே கட்டாய இராணுவச் சேவைக்காக 1916-லும் 1917-லும் மக்களிடம் வாக்கெடுத்து இரண்டு முறையும் தோற்றார்கள்; ஆகவே முதல் உலகப் போருக்குக் கடல் கடந்து போன ஒவ்வொருவரும் தானாக முன்வந்து போனவர். போனதே பெருமை, எனவே போனவர் பெயரெல்லாம் பலகையில் ஏறியது. பிரிட்டனில் 1916 ஜனவரியில் கட்டாயச் சேவைச் சட்டம் வந்துவிட்டது. அங்கே பலகைகள் பெரும்பாலும் இறந்தவர்களோடு நின்றுகொள்கின்றன.

ஆண்டுகளையும் கவனியுங்கள். 1914–1918 என்று போட்டது போர்நிறுத்தத்தை எண்ணியது. 1914–1919 என்று போட்டது வெர்சாய் சமாதான உடன்படிக்கையை எண்ணியது. அந்தப் பலகையில் 1919-இல் ருஷ்யாவில் இறந்தவரும், சீருடையில் இருந்தபடியே இன்ஃப்ளூயன்சாவில் இறந்தவரும் இருக்கலாம். போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கு இன்னும் நீளம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அந்த நாட்களுக்குள் பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் ஆணையம் ஏற்கும். பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு இறந்தால், அந்தச் சாவு இராணுவப் பணியால் வந்தது என்று காட்ட வேண்டும்.

இனி வேலை. பலகையிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி தாள் போடுங்கள். கணினியில் அட்டவணை போட்டாலும் சரி, ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு வரிதான், ஒரு வரியில் இரண்டு ஆள் கூடாது. முதல் கட்டத்தில் பலகையில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, பிழை இருந்தால் பிழையோடு. அடுத்தது பதிவேட்டில் உள்ளபடி முழுப் பெயர், சேர்க்கை எண், பிறந்த நாள், தகப்பன் பெயர், முகவரி. அதற்கடுத்து இராணுவப் பதிவில் உள்ளபடி பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள், கல்லறை அல்லது நினைவுச் சுவர். கடைசிக் கட்டம்தான் முக்கியம்: இரண்டையும் இணைத்தது எது, அந்த ஆதாரம் எங்கே இருக்கிறது. ‘பெயர் ஒத்துப்போகிறது’ என்பது ஆதாரமாகாது. பெயரோடு இன்னும் குறைந்தது இரண்டு விவரங்கள் பொருந்த வேண்டும். பெற்றோர் பெயரும் முகவரியும், அல்லது பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் என்று. அவை ஒன்றையொன்று பார்த்து எழுதிய இரண்டு இடங்களிலிருந்து வரக்கூடாது. பள்ளி இதழில் வந்த இரங்கல் குறிப்பும், அதை வைத்துப் பின்னால் எழுதிய பள்ளி வரலாறும் சேர்ந்து ஒரே ஆதாரம்தான்.

பள்ளிக்குள்ளேயே இன்னும் தோண்டலாம். பள்ளி இதழ் போர்க்காலத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ‘போனவர்கள், காயமுற்றவர்கள், இறந்தவர்கள்’ என்று பட்டியல் போட்டிருக்கும். மாணவர் படையின் வருகைப் பதிவேடு, கட்டணக் கணக்கு, கிரிக்கெட் அணியின் புகைப்படத்துக்குக் கீழே எழுதிய பெயர்கள், தலைமையாசிரியருக்கு வந்த கடிதக் கட்டு எல்லாம் உதவும். சேர்க்கைப் பதிவேட்டிலேயே பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஓர் எழுத்தர் சிவப்பு மையில் ‘போரில் இறந்தான்’ என்று குறித்திருப்பதும் உண்டு. அந்தக் குறிப்பு யார் எழுதியது, எப்போது என்று தெரியாவிட்டால் அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

வெளியே தேடும்போது நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. பிரிட்டிஷ் சிப்பாய்களின் முதல் போர்ச் சேவைப் பதிவுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சுத் தீயில் போய்விட்டது. மிஞ்சியவற்றுக்கு ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே பெயர். தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூஓ 363 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆகவே ஒருவனின் சேவைப் பதிவு கிடைக்கவில்லை என்பதை வைத்து அவன் இராணுவத்திலேயே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அப்போது பதக்க அட்டைகளையும், படைப்பிரிவின் போர் நாட்குறிப்பையும், ஓய்வூதிய அட்டைகளையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பாடு குறைவு. முதல் போர்க்கால வீரர்களின் கோப்புகள் பி2455 என்ற வரிசையில் முழுக்க இணையத்தில் உள்ளன. கனடாவும் தன் முதல் போர்க் கோப்புகள் முழுவதையும் 2018-இல் இணையமேற்றி முடித்தது. நியூசிலாந்துக்காரர்களுக்கு ஆக்லாந்து அருங்காட்சியகத்தின் இணைய நினைவுச்சின்னம் நல்ல தொடக்கம்.

ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கு ஒரு தனிப் புதையல் உண்டு. போர் முடிந்ததும் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். பிறந்த ஊர், தொழில், இறந்தபோது வயது என்ற கேள்விகளோடு, எந்தப் பள்ளியில் படித்தார் என்றும் ஒரு கேள்வி. தாயோ தகப்பனோ தங்கள் கையால் எழுதிய பதில் அது. பலகையில் இல்லாத ஒரு பையனின் படிவத்தில் உங்கள் பள்ளியின் பெயர் இருந்தால், பெற்றோரே சாட்சி சொல்லிவிட்டார்கள். பதிவேட்டில் சரிபார்ப்பது மட்டுமே மிச்சம். அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கத்தின் காயமுற்றோர், காணாமற்போனோர் விசாரணைக் கோப்புகளும் ஏறத்தாழ 32,000 பேருக்கு உள்ளன. பக்கத்தில் நின்ற சிப்பாய் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொன்னதை அப்படியே எழுதியிருப்பார்கள். ஒரே ஆளைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருப்பார்கள். அதையும் மறைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே சறுக்கும்? ‘ஜே. ஸ்மித்’ வகைப் பெயரில் சறுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே கவனமாக இருப்பார்கள். அரிய பெயரில்தான் ஏமாறுவார்கள். குடும்பப் பெயர் அரிதாக இருந்தால் ‘வேறு யாராக இருக்க முடியும்’ என்று தோன்றும். அண்ணன் தம்பி இருவரும், பெரியப்பா மகனும் அதே பள்ளியில் படித்திருப்பார்கள். அதில் ஒருவன் இறந்தான், மற்றவன் முதுமைவரை வாழ்ந்தான் என்பது பதிவேட்டைத் திறந்தால்தான் தெரியும். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள், வேறு பெயரில் சேர்ந்தவர்கள் உண்டு. ஆணையத்தின் பதிவில் இவர்களுக்கு ‘இன்ன பெயரில் பணியாற்றினார்’ என்ற குறிப்பு இருக்கும். ஜெர்மன் ஒலிப்புள்ள குடும்பப் பெயரைப் போரின்போது ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர்கள் பதிவேட்டில் ஒரு பெயரிலும் பலகையில் வேறு பெயரிலும் இருப்பார்கள். காணாமற்போனவருக்கு இறந்த நாள் என்று இருப்பது பெரும்பாலும் அதிகாரிகள் தீர்மானித்த நாள். அதைக் கொண்டு இன்ன சண்டையில் இறந்தார் என்று கதை கட்டக்கூடாது. பலகையில் பெயர் ஏறியவர் உயிரோடு திரும்பியதும் நடந்திருக்கிறது.

மாறாக, இருக்கவேண்டிய பெயர் இல்லாமல் இருப்பதும் உண்டு. பலகை செய்த காலத்தில் பள்ளிக்குத் தகவல் வந்தது வசதியான, இதழுக்குச் சந்தா கட்டிய, தொடர்பில் இருந்த குடும்பங்களிடமிருந்துதான். உதவித்தொகையில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வேலைக்குப் போனவன், கடல் கடந்து குடியேறி வேறு நாட்டுப் படையில் சேர்ந்தவன், வணிகக் கப்பலில் போனவன், இவர்கள் வீட்டிலிருந்து யாரும் எழுதிப்போடவில்லை. போரில் செவிலியராகப் போய் இறந்த பெண்கள், சமையற்காரர், தோட்டக்காரர், ஆசிரியர் ஆகியோரும் அப்படித்தான் விட்டுப்போனார்கள். இந்த விடுபடலுக்குப் பெரிய அளவில் ஒரு சாட்சி உண்டு. 2021 ஏப்ரலில் போர்க் கல்லறை ஆணையமே தன் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. முதல் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர், இந்தியர், மத்தியக் கிழக்கினர், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது எந்த விதத்திலும் நினைவுகூரப்படவே இல்லை. எல்லோரும் சமம் என்று கொள்கை எழுதிவைத்த அமைப்பிலேயே இப்படி என்றால், இரண்டு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து எழுதிய பள்ளிப் பட்டியல் முழுமையானது என்று எப்படி நம்புவது?

யாரைச் சேர்ப்பது என்ற கேள்வியைப் பெயர்களைப் பார்க்கும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நாள் படித்திருந்தால் பழைய மாணவர்? என் கருத்தில் பதிவேட்டில் ஒரு நாள் இருந்தாலும் மாணவர்தான். வேறு எந்தக் கோடு கிழித்தாலும் அடுத்த வருஷம் அதைத் தாண்டி ஒரு குடும்பம் வந்து நிற்கும், அவர்களுக்குச் சொல்லப் பதில் இருக்காது. இன்னொரு பள்ளிப் பலகையிலும் அதே பெயர் இருப்பது தடையே இல்லை. ஒரே ஆளின் பெயர் நான்கைந்து இடங்களில் இருப்பது சாதாரணம். தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள்? முதல் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006-ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டத்தில் மன்னிப்பு வழங்கியது. ஒரு காலத்தில் இவர்களை விட்டுவிட்ட சின்னங்கள் இப்போது சேர்த்துக்கொள்கின்றன. சேர்க்கத்தான் வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று இறந்த பழைய மாணவர்? ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜ் இதற்குச் செய்தது அருமையான முன்மாதிரி. அங்கே படித்து, தங்கள் நாட்டுக்குத் திரும்பி, ஜெர்மனிக்காகப் போரிட்டு இறந்த மூன்று பேருக்குத் தனிக் கல்வெட்டு ஒன்றை அதே சிற்றாலயத்தில் வைத்தார்கள். அந்நிய மண்ணிலிருந்து வந்து இந்த இடத்தின் மரபுரிமையைப் பெற்றவர்கள், திரும்பிப்போய் தங்கள் நாட்டுக்காக உயிர்விட்டவர்கள் என்ற பொருளில் அதன் வாசகம் அமைந்திருக்கிறது. அதில் ஒரு சொல்கூட மன்னிப்புக் கேட்கிற தொனியில் இல்லை.

வரிசை அகரவரிசையில் இருப்பதே தேடி வருகிறவருக்கு நல்லது. பதவிப்படி வரிசைப்படுத்திய பழைய பலகைகளில் ஒரு தாய் தன் மகனைத் தேட, முதலில் அவனுக்கு மேலே இருந்த அத்தனை பேரையும் கடந்து வர வேண்டும். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் வெண்கலச் சுவரில் 1,03,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஒன்றுக்கும் பதவி கிடையாது, பதக்கம் கிடையாது. பதவி போட்டால் தவறும் கூடவே வரும், ஏனென்றால் பதவி உயர்வு அறிவிப்பு ஆள் இறந்த பிறகும் வெளியாகியிருக்கும். எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான் 1915-இல் பிரான்சில் நடந்த லூஸ் சண்டையில் காணாமற்போனார். ஐரிஷ் கார்ட்ஸ் படையின் அடையாளம் தெரியாத லெப்டினன்ட் ஒருவரின் கல்லறை அவருடையதே என்று 1992-இல் ஆணையம் முடிவு செய்தது. இறக்கும்போது அவர் லெப்டினன்டா, செகண்ட் லெப்டினன்டா என்ற கேள்வியில் அந்த முடிவைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

இனிப் பலகைக்கு வருவோம். பெயர்கள் மங்கியிருந்தால் தேய்த்துப் பார்க்க வேண்டாம், வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். மண்டபத்தை இருட்டாக்கி, ஒரு டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல், ஐந்து பத்து பாகைக் கோணத்தில் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் வெறும் மஞ்சள் தகடாகத் தெரிந்ததில் எழுத்தின் ஒரு கரை வெளிச்சமாகவும் மறுகரை நிழலாகவும் எழும். கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, டார்ச்சை மட்டும் இடம், வலம், மேல், கீழ் என மாற்றி நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் ‘சி’ போல் தெரிந்தது அடுத்ததில் ‘ஜி’ என்று தெரியவரும். சலவைக்கல்லில் ஈய எழுத்து பதித்த பலகைகளில் எழுத்தே விழுந்துபோயிருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. ஈயம் பிடித்துக்கொள்ள எழுத்தின் தடத்தில் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். துளைகளைக் கோடிட்டுச் சேர்த்தால் எந்த எழுத்து என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பித்தளைத் தகட்டுக்கு எதிரி அன்பான கைதான். ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது பிரியத்தோடு உலோக பாலிஷ் போட்டுத் தேய்ப்பார்கள். பாலிஷில் இருப்பது நுண்ணிய அரம், ஒவ்வொரு தடவையும் பித்தளையில் ஒரு மயிரிழையை எடுத்துக்கொண்டு போகும். செதுக்கிய எழுத்துக்குள் நிரப்பியிருந்த கறுப்பு அல்லது சிவப்பு மெழுகு முதலில் போகும், பிறகு எழுத்தின் கூர்மை போகும், கடைசியில் விரலால் தடவினால் பள்ளமே தட்டுப்படாது. எழுத்துக்குள் வெள்ளையாகப் படிந்திருப்பதும், சுற்றியுள்ள மரத்தில் வெண்மைக் கறையாக இருப்பதும் காய்ந்த பாலிஷ்தான். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு ஒரு மெல்லிய பூச்சு போட்டால் போதும். பளபளப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அது நல்லதுதான்.

சலவைக்கல்லுக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கும் அமிலம் ஆகாது. வினிகர், எலுமிச்சை, கழிவறை சுத்தம் செய்யும் திரவம் எதுவும் கிட்ட வரக்கூடாது, கல்லையே கரைத்துவிடும். பிளீச்சிங் திரவம் கல்லுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும், அது பிறகு பொரிந்து மேற்பரப்பை உதிர்க்கும். கம்பித் தூரிகையும் அழுத்தத் தண்ணீர்ப் பீச்சியும் அதே கணக்கு. சுத்தமான தண்ணீர், மென்மையான நார்த் தூரிகை, பொறுமை. வெண்கலத்திலிருந்து வழிந்த பச்சைக் கறையைக் கல்லிலிருந்து எடுப்பது பாதுகாப்பு நிபுணரின் வேலை, அதில் கை வைக்க வேண்டாம். கல்லுக்குள் இரும்பு முளை பொருத்தியிருந்தால் அது துருப்பிடித்து உப்பிக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். ஓரத்தில் பழுப்பு நிறக் கீறல் தெரிந்தால் காத்திருக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

மரப் பலகையில் பொன்னெழுத்து மங்கினால் கடையில் கிடைக்கும் தங்க நிறப் பெயின்டை வாங்கிப் பூசுவதுதான் எளிதாகத் தோன்றும். அதில் தங்கமே இல்லை, பித்தளைத் தூள். சில வருஷத்தில் பழுப்பாகி, பச்சை தட்டி, பக்கத்திலுள்ள நூறு வருஷத்து நிஜத் தங்கத்தைவிட அசிங்கமாக நிற்கும். பூசவேண்டியது தங்க இலை, அதாவது மிக மெல்லியதாக அடித்த தங்கம். ஓர் இலை 80 மில்லிமீட்டர் சதுரம், ஒரு கட்டில் 25 இலை; எழுத்துக்கு 23.5 காரட் வழக்கம். இலை வேண்டாத இடத்தில் ஒட்டாமலிருக்கப் பின்னணியில் முதலில் டால்க் தூவ வேண்டும். பிறகு எண்ணெய்ப் பசையால் எழுத்தை எழுதிக் காத்திருக்க வேண்டும். 3 மணி நேரப் பசை, 12 மணி நேரப் பசை என்று உண்டு. பெயர்கள் நிறைய இருந்தால் மெதுவான பசைதான் பளபளப்பும் தரும், அவகாசமும் தரும். பக்குவம் பார்ப்பது விரல் முட்டியால். மெல்லத் தொட்டு எடுக்கும்போது பசை முட்டியில் ஒட்டக்கூடாது, ஆனால் ‘டிக்’ என்று சின்னச் சத்தம் கேட்க வேண்டும். ஈரம் அதிகமிருக்கும்போது இலை வைத்தால் தங்கம் பசைக்குள் மூழ்கி மங்கிவிடும். காய்ந்தபின் வைத்தால் பிடிக்காது.

ஓக்கில் இரும்புத் திருகாணி அடிக்காதீர்கள். அந்த மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து திருகாணியைச் சுற்றிக் கருநீலக் கறையை விடும், அது போகாது. பித்தளைத் திருகாணிதான். மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும், தகடு அதோடு நகராது. எனவே தகட்டின் ஒரு பக்கத் துளைகளை நீள்துளையாக வெட்ட வேண்டும். வட்டத் துளையில் இறுக்கி முடுக்கினால் சில குளிர்காலம் கழித்துப் பலகை இழைநெடுக வெடிக்கும்.

புதிதாகக் கண்டுபிடித்த பெயரை எங்கே சேர்ப்பது? பழைய பத்தியின் அகரவரிசைக்குள் இடுக்கித் திணிக்கக் கூடாது. கீழே இடமிருந்தால் தனித்த கோட்டுக்குக் கீழே, இல்லாவிட்டால் அதே மரம், அதே எழுத்து வடிவத்தில் பக்கத்தில் ஒரு சிறு பலகை, அதில் சேர்த்த ஆண்டு. மெனின் வாயிலிலும் தியெப்வாலிலும் பிற்சேர்க்கைப் பலகைகள் உண்டு. பின்னால் சேர்த்தது பின்னால் சேர்த்தது என்று தெரிய வேண்டும். அந்தப் பெயர் இத்தனை காலம் விட்டுப்போயிருந்தது என்பதும் அவனுடைய வரலாறுதான். பழைய பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் நான் பலகையைத் தொட மாட்டேன், பக்கத்தில் வைக்கும் நினைவுப் புத்தகத்தில் சரியான வடிவத்தை எழுதுவேன். குடும்பம் வந்து திருத்தச் சொன்னால் அது வேறு, அப்போது திருத்தியே ஆக வேண்டும்.

எழுத்துச் செதுக்குபவருக்குக் கொடுக்கும் பட்டியலில் அவசரம் கூடாது. அவர் கொடுத்ததைக் கொடுத்தபடி செதுக்குவார். கல்லில் ஒரு எழுத்து தப்பினால் அடைத்து மறைக்க முடியாது, அந்தப் பரப்பு முழுவதையும் ஒரு படி கீழே இழைத்துத்தான் மறுபடி வெட்ட வேண்டும். அசல் அளவிலேயே காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டுமானால் பெரிய எழுத்தின் உயரம் 20 முதல் 25 மில்லிமீட்டர் வேண்டும். பிறகு இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் கையில் பதிவேடு, ஒருவர் கையில் அச்சு. கடைசிப் பெயரிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகச் சொல்லி ஒப்பிட வேண்டும். மேலிருந்து கீழே படித்தால் கண் பழகிய பெயர்களைத் தாவிவிடும்.

நவம்பர் 11-ஆம் தேதி பெயர்களை வாசிக்கும் வழக்கம் இருந்தால், ஒரு பெயருக்கு மூன்று நான்கு விநாடி வைத்துக்கொள்ளுங்கள்; 90 பெயருக்கு ஐந்து ஆறு நிமிஷம் ஆகும். வாசிக்கப்போகும் மாணவரிடம் ஒரு வாரம் முன்பே பட்டியலையும் உச்சரிப்பையும் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு தேடியும் யாரென்று நிரூபிக்க முடியாத பெயர்கள் இரண்டு மூன்று மிஞ்சும். அவற்றையும் மற்றப் பெயர்களைப் போலவே, அதே வேகத்தில் வாசியுங்கள். அவர்களுடைய தாள்களில் இதுவரை பார்த்த இடங்களை எல்லாம் தேதியோடு குறித்து, பொருந்தாமல் விலக்கிய ஆட்களின் பெயரையும் விலக்கிய காரணத்தையும் எழுதி, சேர்க்கைப் பதிவேட்டோடு அதே அலமாரியில் வையுங்கள். அடுத்து வருகிறவர் அந்த இடத்திலிருந்து தேடிக்கொள்வார்.